புது ஏர் ரைபிள் 500 குண்டு சுட்டால் தானாகச் சரியாகிவிடுமா?

நண்பர் கேட்டிருப்பதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 0.177 அங்குல (4.5 மி.மீ.) பிரேக் பேரல், அதாவது குழலை மடக்கி இழுத்துத் தயார் செய்யும், ஸ்பிரிங் ரைபிள் ஒன்று புதிதாக வாங்கியிருக்கிறார். மொட்டை மாடியில் 10 மீட்டரில் அட்டை வைத்துச் சுட்டால் குண்டுகள் உள்ளங்கை அகலத்துக்குச் சிதறுகின்றன. முதல் நாள் புகை வந்தது, சத்தமும் பலமாக இருந்தது. கடைக்காரர் “ஒரு 500 குண்டு போகட்டும், செட் ஆயிடும்” என்கிறார். தெரிந்தவர் ஒருவர் தையல் மெஷின் எண்ணெய் விடச் சொல்கிறார், இன்னொருவர் பற்பசை தடவிக் குழலைத் தேய்க்கச் சொல்கிறார். இதில் எதைக் கேட்பது என்பது அவர் எழுதிய கேள்வி. அதற்கு அடியில் இருக்கும் கேள்வி வேறு: இந்தச் சிதறலுக்குக் காரணம் துப்பாக்கி புதுசாக இருப்பதா, துப்பாக்கியில் குறையா, அல்லது என் கையா?

மூன்றுக்கும் பங்கு இருக்கலாம், ஆனால் சமபங்கு இல்லை. ஸ்பிரிங் ரைபிள் சில நூறு குண்டுகளில் படிந்து வருவது நிஜம்தான். அந்தப் படிதல் மட்டுமே உள்ளங்கை அகலத்தை நாணய அகலமாகச் சுருக்கிவிடுமா என்றால், சுருக்காது. பெரிய பங்கு பிடிப்பிலும் பெல்லட்டிலும் (ஏர் ரைபிளின் ஈயக் குண்டு) தளர்ந்த ஸ்க்ரூக்களிலும் இருக்கிறது. ஒரு கிளப்பில் புதியவர்களுக்குச் சுடச் சொல்லிக்கொடுப்பதும், அவர்கள் தூக்கிக்கொண்டு வரும் ஸ்பிரிங் துப்பாக்கிகளைப் பிரித்துச் சீல் மாற்றித் தருவதும் பல வருடமாக நான் செய்துவரும் வேலை. ஆகவே இதைப் பட்டறை அனுபவமாக எடுத்துக்கொள்ளுங்கள். சுருக்கிய காற்றைச் சிலிண்டரில் அடைத்துச் சுடும் பிசிபி வகைக்கு இதில் பாதிக்கு மேல் பொருந்தாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

உள்ளே நடப்பது தெரிந்தால் குழப்பம் பாதி தீரும். குழலை மடக்கி இழுக்கும்போது பிஸ்டன் ஸ்பிரிங்கை அமுக்கிக்கொண்டு பின்னால் போய்க் கொக்கியில் மாட்டி நிற்கிறது. ட்ரிகரை அழுத்தியதும் பிஸ்டன் முன்னால் பாய்கிறது, அந்த வேகத்துக்கு ஈடாகத் துப்பாக்கி முழுவதும் பின்னால் நகர்கிறது. இதுவரை பெல்லட் அசையவே இல்லை. பிஸ்டன் தன் ஓட்டத்தின் கடைசிக்கு வரும்போதுதான் முன்னால் மாட்டிக்கொண்ட காற்று போதுமான அழுத்தம் பெற்று பெல்லட்டைத் தள்ளுகிறது. அதே காற்று பிஸ்டனையும் தடுத்துக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளுவதால், இப்போது துப்பாக்கி முன்பக்கமாக உதறுகிறது. கொக்கி விட்டதிலிருந்து பெல்லட் குழல் வாயைத் தாண்டுவதுவரை ஏறக்குறைய நூறில் ஒரு பங்கு வினாடி. அதாவது பெல்லட் வெளியேறும்போது துப்பாக்கி இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறது. வெடிமருந்துத் துப்பாக்கியில் உதையின் பெரும்பகுதி தோளுக்கு வந்து சேரும் முன் குண்டு போய்விடும், இங்கே அப்படிக் கிடையாது. இந்த இரட்டை உதை ஸ்பிரிங் ரைபிளின் பிறவிக்குணம். எத்தனை ஆயிரம் குண்டு சுட்டாலும் அது போகாது.

ஜெர்மனியின் ஃபைன்வெர்க்பாவ் 300 எஸ் போன்ற பழைய ஸ்பிரிங் போட்டி ரைபிள்களைப் பார்த்தால் இது விளங்கும். சுடும் நொடியில் குழலும் இயந்திரப் பகுதியும் சேர்ந்து ஸ்டாக்கின் (தோளில் வைத்துப் பிடிக்கும் கட்டை) மேல் தண்டவாளத்தில் வழுக்கிப் பின்னால் போகும்படி அதை அமைத்திருந்தார்கள். சுடுபவரின் பிடி எப்படி இருந்தாலும் துப்பாக்கி ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி நகரும். நம் கையிலிருக்கும் சாதாரண பிரேக் பேரலில் அந்தத் தண்டவாளம் இல்லை. அந்த வேலையை நம் கைதான் செய்ய வேண்டும். இதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

சரி, முதல் சில நூறு குண்டுகளில் என்னதான் படிகிறது? முக்கியமாகப் பிஸ்டன் தலையிலுள்ள சீல். புதுச் செருப்பு காலுக்குப் படிவது போல, அதன் விளிம்பு சிலிண்டர் சுவருக்கு ஏற்றபடி மெல்லத் தேய்ந்து உட்காருகிறது. அப்புறம் மெயின் ஸ்பிரிங். முதல் சில அமுக்கலிலேயே தன் நீளத்தில் கொஞ்சம் இழந்து, பிறகு மெதுவாக இன்னும் கொஞ்சம் இழந்து, ஒரு நிலையில் நிற்கும். ட்ரிகரின் கொக்கிகள் ஒன்றோடொன்று உரசி வழவழப்பாவதால், ஆரம்பத்தில் சொரசொரவென்று இழுபட்ட ட்ரிகர் போகப்போக இணக்கமாகும். குழல் மடங்கும் மூட்டிலுள்ள ரப்பர் வளையம் அழுந்திப் பதியும். மர ஸ்டாக்காக இருந்தால் ஸ்க்ரூ தலைக்கு அடியில் மரமும் கொஞ்சம் அழுந்தும். கேஸ் பிஸ்டன் உள்ள மாடல் என்றால் ஸ்பிரிங் பற்றிய பேச்சு மட்டும் இல்லை, மற்றவை அப்படியே பொருந்தும்.

விலை குறைந்த மாடல்களைப் பிரித்தால் வேறு சிலவும் கண்ணில் படும். ஸ்பிரிங் முழுக்கத் தேன் நிறத்தில் கிரீஸ் அப்பியிருக்கும், அது ஒழுகி சீலுக்கு முன்னாலும் போயிருக்கும். குழலை இழுக்கும்போது கம்பி ஓடுவதற்காகச் சிலிண்டரின் அடியில் நீளமாக ஒரு திறப்பு உண்டு. அதன் விளிம்பில் விரலை ஓட்டினால் பிசிறு கீறும். சீலை அந்தப் பிசிறின் மேல் இழுத்துச் சொருகியிருந்தால் தொழிற்சாலையிலேயே அதில் கோடு விழுந்திருக்கும். இப்படி வெட்டுப்பட்ட சீல் எத்தனை குண்டு சுட்டாலும் படியாது, மேலும் மேலும்தான் கிழியும். “செட் ஆகிவிடும்” என்று காத்திருப்பதில் உள்ள ஆபத்து இதுதான்.

புகைக்கு வருகிறேன். பிஸ்டன் காற்றை ஒரே அடியாக அமுக்கும்போது அந்தக் காற்று கணநேரத்துக்குப் பல நூறு டிகிரி சூடேறும். எதிரே கிரீஸோ எண்ணெயோ இருந்தால் பற்றிக்கொள்ளும். டீசல் என்ஜினில் ஸ்பார்க் பிளக் இல்லாமல் எரிபொருள் பற்றுகிற அதே காரணம்தான், பெயரும் டீசலிங். வெளியே தெரிவது புகையும் கருகிய வாடையும் ‘டப்’ என்பதற்குப் பதில் ‘டமார்’ என்ற சத்தமும். ஒவ்வொரு முறையும் எரிகிற அளவு வேறு, அதனால் வேகமும் வேறு, அதனால் குண்டு மேலும் கீழும் ஏறி இறங்கும். புதுத் துப்பாக்கியில் அட்டையில் செங்குத்தாகச் சிதறல் நீண்டிருந்தால் இதைச் சந்தேகிக்கலாம். பெரும்பாலும் முதல் சில பத்துக் குண்டுகளில் வெடிச்சத்தம் அடங்கும், லேசான புகை இன்னும் கொஞ்சம் நீடிக்கும்.

இதிலிருந்தே தையல் மெஷின் எண்ணெய்க்கும் பதில் கிடைத்துவிடும். அது கனிம எண்ணெய், எரியும். குழல் வழியாகவோ காற்றுத் துளை வழியாகவோ விட்டால் அடுத்த குண்டு பலமாக வெடிக்கும். “பாருங்க, பவர் ஏறிடுச்சு” என்று சந்தோஷப்படுவார்கள். அந்த வெடிப்பு பிஸ்டனைத் திருப்பி அடிக்கும், ஸ்பிரிங் வளையும், சீல் கருகும். தேங்காய் எண்ணெய் விடுபவர்களும் இருக்கிறார்கள். அதுவும் எரியும், எரியாமல் மிஞ்சியது பிசுபிசுத்துத் தூசி பிடிக்கும். அதற்காக நேர் எதிராகப் போய், பெட்ரோல் ஊற்றி உள்ளே எல்லாவற்றையும் கழுவிவிடவும் கூடாது. இங்கிலாந்தில் கார்டியூ என்ற தந்தையும் மகனும் ஒரு ஸ்பிரிங் ரைபிளைக் காற்றுக்குப் பதில் நைட்ரஜன் சூழ வைத்துச் சுட்டுப் பார்த்தார்கள். எதுவும் எரிய வழியில்லாத அந்த நிலையில் வேகம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. ஒழுங்காகச் சுடும் ஸ்பிரிங் துப்பாக்கியிலும் ஒவ்வொரு முறையும் மிகக் கொஞ்சம் மசகு எரிந்துகொண்டுதான் இருக்கிறது என்பது இதன் பொருள். அது சீராக எரிந்தால் பிரச்சினை இல்லை, கண்டபடி எரியும்போதுதான் குறி கெடுகிறது.

ஒரு விதிவிலக்கு உண்டு. ஜெர்மனியின் டயானா 35 ரைபிளைப் பார்த்துச் செய்யப்பட்ட பழைய வடிவங்கள் நம் ஊரில் நிறையப் புழங்குகின்றன. அவற்றில் பலவற்றில் பிஸ்டனில் லெதர் வாஷர் இருக்கும். தோல் காய்ந்தால் சுருங்கிக் காற்று ஒழுகும். அதற்கு எப்போதாவது இரண்டு மூன்று சொட்டுச் சிலிக்கான் எண்ணெய் தேவை. விட்டுவிட்டு ஒரு ராத்திரி குழலை மேல்நோக்கி நிமிர்த்தி வைத்தால் ஊறிவிடும். உங்கள் துப்பாக்கியில் இருப்பது தோலா பிளாஸ்டிக்கா என்று கடையில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பிளாஸ்டிக் என்றால் இப்போதைக்கு ஒன்றும் விட வேண்டாம். வெளியே குழல் மடங்கும் மூட்டுக்கும் கம்பி இணைப்புகளுக்கும் ஒரு துளி போதும்.

500 என்ற எண் எங்கிருந்து வந்தது? எந்த விதியும் அதைச் சொல்லவில்லை. சில துப்பாக்கிகள் 200-லேயே நிதானப்படுகின்றன, சில 1,000 வரை இழுக்கின்றன. சிலிண்டர் எவ்வளவு வழவழப்பாகக் கடையப்பட்டிருக்கிறது, உள்ளே எவ்வளவு கிரீஸ் அடைத்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. எண்ணுவதை விட அறிகுறிகளைப் பார்ப்பது மேல்: சத்தம் ஒரே மாதிரி ஆகிவிட்டதா, புகை நின்றதா, வேகம் நிதானப்பட்டதா. குண்டின் வேகத்தை அளக்கும் குரோனோகிராஃப் இரவல் கிடைத்தால் இன்னும் நல்லது. படிந்த பிறகு வேகம் ஆரம்பத்தை விடக் கொஞ்சம் குறைந்திருந்தால் பயப்பட வேண்டாம், ஆரம்ப வேகத்தில் எரிந்த கிரீஸின் பங்கு இருந்தது. 8.44 கிரெயின் பெல்லட், அதாவது சுமார் 0.55 கிராம், வினாடிக்கு 200 மீட்டரில் போனால் ஆற்றல் 11 ஜூல். 10 மீட்டரில் அட்டையில் துளை போட இது தாராளம். வினாடிக்கு இத்தனை மீட்டர் என்று பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் போட்டிருப்பது பெரும்பாலும் மிக இலேசான பெல்லட்டை வைத்துக் கணக்கிட்டது.

குழலைப் பற்றி. புதுக் குழலுக்குள் தொழிற்சாலை எண்ணெயும் உலோகத் தூளும் இருக்கும், அதைத் துடைத்து எடுப்பது நியாயம். தடிமனான தூண்டில் நரம்பை இரண்டாக மடித்து வாய்ப்பக்கத்திலிருந்து உள்ளே விட்டு, பின்பக்கம் வெளிவரும் வளையத்தில் சின்னப் பருத்தித் துணியை மாட்டி, வாய்ப்பக்கமாக இழுங்கள். முதல் துணி கரிக்கறுப்பாக வரும், நாலைந்து துணிக்குள் வெளுத்துவிடும். அவ்வளவே போதும். இரும்புக் கம்பிப் பிரஷ் வேண்டாம், வெடிமருந்துத் துப்பாக்கிக்கான கரைப்பான்களும் வேண்டாம், அவை கசிந்து சீலைப் பதம் பார்க்கும். பற்பசை ஓர் உராய்வுப் பொருள். பிசிறு நிறைந்த மோசமான குழலில் அது உதவியதாகச் சொல்பவர்கள் உண்டு, நான் மறுக்கவில்லை. ஆனால் எங்கே எவ்வளவு தேய்கிறது என்று உங்களால் பார்க்க முடியாது, தேய்ந்ததைத் திரும்ப ஒட்டவும் முடியாது. பல நல்ல குழல்கள் வாய்ப்பக்கம் மட்டும் மயிரிழை குறுகலாகச் செய்யப்பட்டவை, அங்கே தேய்த்தால் குறியே போய்விடும். வாங்கிய வாரமே பற்பசையைக் கையில் எடுக்காதீர்கள்.

துடைத்த பிறகு முதல் பத்திருபது குண்டுகள் கொஞ்சம் அலையும். ஈயம் மெல்லிய படலமாக ஒட்டிய பிறகு நிதானப்படும் என்பது பலரின் அனுபவம், என்னுடையதும் அதுவே. ஆகவே குரூப் (அட்டையில் குண்டுகள் விழுந்த கூட்டம்) நன்றாக இருக்கும்வரை அடிக்கடி துடைக்காதீர்கள். வெடிமருந்து ரைபிள்காரர்கள் ‘ஒரு குண்டு, ஒரு துடைப்பு’ என்று செய்யும் சடங்குக்கு இங்கே அர்த்தமில்லை. அது செம்பு உறையிட்ட குண்டுக்காகச் சொல்லப்படுவது, அங்கேயே அதைப் பற்றிச் சண்டை ஓயவில்லை.

இனி ஸ்க்ரூ. என்னிடம் “குறி போய்விட்டது” என்று வரும் துப்பாக்கியை எடுத்ததும் நான் முதலில் கையில் எடுப்பது ஸ்க்ரூட்ரைவரைத்தான். ஸ்டாக்கின் முன்பகுதியில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு ஸ்க்ரூ, ட்ரிகர் கார்டில் (ட்ரிகரைச் சுற்றிய வளையம்) ஒன்றோ இரண்டோ இருக்கும். இரட்டை உதை அவற்றை விடாமல் உலுக்குகிறது, மரமும் அழுந்துகிறது. புதுத் துப்பாக்கியில் 50 குண்டுக்குள் கால் சுற்றுத் தளர்வது சாதாரணம். தளர்ந்தால் குரூப் இரண்டாகப் பிரிந்து விழும்: நாலு குண்டு ஓரிடம், நாலு குண்டு வேறிடம். முதல் 200 வரை 50 குண்டுக்கு ஒருமுறை பாருங்கள். தலைக்குச் சரியாகப் பொருந்தும் அளவில் ட்ரைவர் வேண்டும், இல்லாவிட்டால் தலை நாசமாகும். இறுக்கமாகப் பிடித்ததும் நிறுத்திவிடுங்கள், மரம் நெறிபடும் அளவுக்கு முறுக்க வேண்டாம். மறுபடி மறுபடி தளர்ந்தால் மரையில் நீல நிற லாக்கிங் திரவம் ஒரு சொட்டு. சிவப்பு வேண்டாம், அடுத்த முறை கழற்ற முடியாது. கூடவே குழல் மூட்டையும் பாருங்கள். குழலை மூடிய நிலையில் பிடித்து இடம் வலமாக அசைத்தால் துளிகூட ஆட்டம் இருக்கக் கூடாது.

பிடிப்புதான் இந்தப் பதிலில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது. படங்களில் பார்த்தோ, என்சிசி-யில் .22 ரைபிள் பிடித்த பழக்கத்திலோ, புதிதாக வருபவர் முன்னால் தாங்கும் கையால் ஸ்டாக்கை இறுக்கிப் பிடித்து, தோளில் அழுத்தி, கன்னத்தையும் கெட்டியாக ஒட்டுவார். ஸ்பிரிங் ரைபிளுக்கு இது நேர் விரோதம். அது பின்னால் போய் முன்னால் வர வேண்டும், இறுக்கினால் கை எந்தப் பக்கம் அதிகம் அழுத்துகிறதோ அதற்கு எதிர்ப்பக்கம் துள்ளும். நாம் ஒவ்வொரு முறையும் ஒரே அளவில் இறுக்குவதில்லை, எனவே துள்ளலும் ஒவ்வொரு முறையும் வேறு. அமெரிக்கர் டாம் கேலார்ட் ‘ஆர்ட்டிலரி ஹோல்ட்’ என்ற பெயரில் பரப்பிய முறை இதற்குத்தான். முன்னால் தாங்கும் கையை விரித்து, உள்ளங்கையின் மேல் துப்பாக்கியைச் சும்மா உட்கார வைக்க வேண்டும், விரல்கள் மடங்கிப் பிடிக்கக் கூடாது. தோளில் ஒட்டி நின்றால் போதும், அமுக்க வேண்டாம். பிஸ்டல் கிரிப்பில் மூன்று விரல் லேசாக. கன்னம் தொட்டும் தொடாமலும்.

செய்து பார்க்கும்போது மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். ஒன்று, உள்ளங்கை எங்கே இருக்கிறது என்பது. ட்ரிகர் கார்டுக்குச் சற்று முன்னால் வைத்துப் பத்துக் குண்டு, இரண்டு அங்குலம் முன்னே தள்ளி இன்னொரு பத்து, ஸ்டாக்கின் நுனியருகே வைத்து மற்றொரு பத்து. ஒவ்வொரு துப்பாக்கிக்கும் ஓரிடம் பிடிக்கும். கண்டுபிடித்ததும் அங்கே சின்ன டேப் ஒட்டிவிடுங்கள், கை தானாக அங்கேயே போகும். இரண்டு, மணல் மூட்டையின் மேலோ மேஜை விளிம்பிலோ துப்பாக்கியை நேரடியாகச் சாய்க்காதீர்கள். மூட்டையில் புறங்கையை வைத்து, உள்ளங்கையில் துப்பாக்கியை வையுங்கள். மூன்று, கண்ணை மூடி இரண்டு மூச்சு விட்டுத் திறந்து பாருங்கள். குறி வேறெங்காவது நகர்ந்திருந்தால் நீங்கள் தசையால் இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம். துப்பாக்கியைத் திருகாமல் உட்காரும் இடத்தை நகர்த்துங்கள். சுட்ட பிறகும் ஒரு நொடி ட்ரிகரை விடாமல், குறியிலிருந்து கண்ணை எடுக்காமல் இருங்கள். அட்டையில் எங்கே விழுந்தது என்று பார்க்கத் தலையைத் தூக்கும் அவசரம் பல குரூப்புகளைக் கெடுத்திருக்கிறது. முதல் 500 குண்டுகளில் கிடைக்கும் முன்னேற்றத்தில் பெரும்பகுதி இங்கிருந்து வருகிறது என்பது என் கணிப்பு. துப்பாக்கி படிந்தது என்று மக்கள் சொல்லும்போது பல சமயம் படிந்திருப்பது அவர்கள் கைதான். ஏற்கெனவே பழகியவர் கையில் அதே புதுத் துப்பாக்கியைக் கொடுத்துப் பாருங்கள், சந்தேகம் அன்றைக்கே தீரும்.

பெல்லட்டில் சிக்கனம் பார்க்காதீர்கள். கடையில் மலிவாகக் கிடைக்கும் டப்பாவைத் திறந்து வெள்ளைக் காகிதத்தில் கொட்டினால், பின்பக்க விளிம்பு நசுங்கியவை, அச்சுப் பிசிறு நீட்டியவை, ஒன்றுக்கொன்று பளபளப்பு மாறியவை எல்லாம் கண்ணுக்கே தெரியும். கூர்முனை பெல்லட் பார்க்க மிடுக்காக இருக்கும், குறிக்குப் பெரும்பாலும் உதவாது. தட்டைத் தலையோ உருண்டைத் தலையோ வாங்குங்கள். ஜேஎஸ்பி எக்ஸாக்ட் 8.44 கிரெயின், எச் அண்ட் என் ஃபீல்ட் டார்கெட் டிராஃபி 8.64, ஆர்டபிள்யூஎஸ் ஹாபி 7.0 என்று இரண்டு மூன்று வகை சிறு அளவில் வாங்கிப் பார்த்தால் எதை உங்கள் குழல் ஏற்கிறது என்று தெரிந்துவிடும். எதை ஏற்கும் என்று முன்கூட்டி யாராலும் சொல்ல முடியாது, ஒரே மாடலின் இரண்டு துப்பாக்கிகள்கூட வேறுபடும். விலை கூடுதல்தான். ஆகவே முதல் 200 குண்டுக்கு நசுங்கியவற்றைப் பொறுக்கிப் போட்டுவிட்டுச் சாதாரண பெல்லட், அதன் பிறகு நல்லது என்று வைத்துக்கொள்ளலாம். அந்த முதல் 200-ல் குரூப்பை அளக்கவே வேண்டாம்.

ஸ்கோப் மாட்டியிருந்தால் கொஞ்ச நாளைக்குக் கழற்றி வைத்துவிட்டு இரும்புக் குறியிலேயே சுடுங்கள். சந்தேகப்பட வேண்டிய பொருள்களில் ஒன்று குறையும். சாதாரண ரைபிள் ஸ்கோப் பின்னோக்கிய உதையைத் தாங்கும், முன்னோக்கிய உதறலில் அதன் உள்பாகம் கழன்றுவிடும். ஸ்பிரிங் ஏர் ரைபிளுக்கு என்றே சொல்லி வாங்க வேண்டும். ஸ்கோப்பைப் பிடித்திருக்கும் மவுண்ட் வழுக்கிப் பின்னால் நகர்கிறதா என்று பென்சிலால் ஒரு கோடு போட்டு வைத்தால் தெரிந்துவிடும். 100 கஜத்துக்குப் பொருத்திய ஸ்கோப்பில் 10 மீட்டரில் கண்ணைக் கொஞ்சம் நகர்த்தினாலே குறிக்கோடு இலக்கின் மேல் நடமாடும், குண்டும் அதன்படி அலையும்.

அளப்பதைப் பற்றி ஒன்று. மூன்று குண்டு ஒரே துளையில் விழுந்த அட்டையைப் படமெடுத்துப் போடுவதில் அர்த்தமில்லை. குண்டுகளின் எண்ணிக்கை கூடினால் குரூப் தானாகப் பெரிதாகும், இது வெறும் புள்ளியியல். அதே துப்பாக்கி, அதே கை, அதே பெல்லட்டில் 10 குண்டுக் குரூப் சராசரியாக 3 குண்டுக் குரூப்பைப் போல ஒன்றரை மடங்குக்கும் சற்று மேல். நேற்று 3, இன்று 10 என்று சுட்டுவிட்டுத் துப்பாக்கி கெட்டுவிட்டது என்று கவலைப்படுபவர்களைப் பார்த்திருக்கிறேன். எப்போதும் 10 சுடுங்கள், தேதியும் பெல்லட்டின் பெயரும் எழுதி அட்டையை எடுத்து வையுங்கள். போட்டிகளில் பயன்படும் 10 மீட்டர் ரைபிள் அட்டையின் கறுப்பு வட்டம் 30.5 மி.மீ. அகலம். சாதாரண பிரேக் பேரல், சுமாரான பெல்லட், மணல் மூட்டையின் மேல் வைத்த கை என்றால் பத்துக் குண்டும் அந்தக் கறுப்புக்குள் விழுவது நியாயமான முதல் இலக்கு. நல்ல பெல்லட்டோடு ஒரு பத்து ரூபாய் நாணயத்தால் 10 துளையையும் மறைக்க முடிந்தால் உங்கள் துப்பாக்கியில் ஒரு குறையும் இல்லை.

சில விஷயங்களில் பழையவர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. ஸ்பிரிங் சீக்கிரம் படியட்டும் என்று ராத்திரி முழுக்க காக் செய்து, அதாவது குழலை இழுத்துப் பிஸ்டனைக் கொக்கியில் மாட்டி, வைக்கச் சொல்வார்கள். ஸ்பிரிங் அதனால் கொஞ்சம் தளரும் என்பது சரி, குறி கூடும் என்பதற்கு நான் ஆதாரம் கண்டதில்லை. இழுத்துத் தயாராக நிற்கும் துப்பாக்கி வீட்டில் ஒரு ராத்திரி இருப்பது அதை விடப் பெரிய பிரச்சினை. பெல்லட் இல்லாமல் சும்மா சுட்டுப் பழக்கலாம் என்பது மட்டும் கருத்து வேறுபாடில்லாத தவறு. எதிரே தடுக்கும் காற்று மெத்தை இல்லாததால் பிஸ்டன் சிலிண்டர் முனையில் நேராக மோதும். சில துப்பாக்கிகள் தாங்கும், உங்களுடையது தாங்குமா என்று சோதிக்க வேண்டாம்.

பெல்லட் போடும்போது ஒரு கையால் குழலைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். குழல் மடங்கியிருக்கும்போது கொக்கி விட்டுவிட்டால் அது சுத்தியல் வேகத்தில் மேலே வந்து மூடும், விரல் போகும், குழலும் வளையும். மொட்டை மாடி என்கிறீர்களே, பின்தடுப்பு என்ன? மரப்பலகை மட்டும் போதாது, கெட்டியான மரத்திலிருந்து பெல்லட் திரும்பி வரும். பழைய துணியும் ரப்பர் மேட்டும் அடைத்த பெட்டி வையுங்கள், அதற்குப் பின்னால் சுவர் இருக்கட்டும், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். ஈயம் தொட்ட கையைக் கழுவிவிட்டுச் சாப்பிடுங்கள். 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி 4.5 மி.மீ. குழலும் 20 ஜூலுக்கு மிகாத ஆற்றலும் உள்ளவரை உரிமம் வேண்டாம். ‘பவர் ஏற்றித் தருகிறேன்’ என்று கனமான ஸ்பிரிங் மாற்றுபவர்களிடம் போனால் அந்த எல்லையையும் தாண்டலாம், குறியும் கெடும். மைனா, கிளி மேல் பழகிப் பார்ப்பது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

கடைசியாக, எப்போது துப்பாக்கியைச் சந்தேகிப்பது. ஸ்க்ரூ இறுக்கி, குழல் துடைத்து, நல்ல பெல்லட்டில், கையைத் தளர்த்திப் பிடித்து 300 குண்டு சுட்ட பிறகும் 10 மீட்டரில் இரண்டு அங்குலத்துக்கு மேல் சிதறினால், பழகிய ஒருவரிடம் கொடுத்து 10 சுடச் சொல்லுங்கள். அவருக்கும் சிதறினால் துப்பாக்கிதான். குழல் மூடும் இணைப்பின் மேல் மெல்லிய டிஷ்யூ காகிதத் துண்டை வைத்துச் சுட்டுப் பாருங்கள், துண்டு பறந்தால் அங்கே காற்று ஒழுகுகிறது, அந்த ரப்பர் வளையம் மாற்றினால் போதும். வெள்ளைத் துணியை இழுத்து எடுத்து, குழலைப் பின்பக்கமிருந்து வெளிச்சத்துக்கு எதிரே பார்க்கும்போது வாய் விளிம்பில் பிசிறு தெரிந்தால், அல்லது மூட்டில் ஆட்டம் இருந்தால், அல்லது 300-க்குப் பிறகும் புகை நிற்காமல் வேகம் நாளுக்கு நாள் இறங்கினால், நீங்களே பிரிக்காதீர்கள். உள்ளே அமுங்கியிருக்கும் ஸ்பிரிங்கைக் கழற்ற அதற்கான கிளாம்ப் வேண்டும், கையால் பிரித்தால் பின்மூடி முகத்தில் அடிக்கும். ரசீதையும் தேதி எழுதிய அட்டைகளையும் எடுத்துக்கொண்டு வாரண்டி முடிவதற்குள் கடைக்குப் போங்கள். “செட் ஆகலை” என்று மட்டும் சொன்னால் இன்னொரு 500 சுடச் சொல்லி அனுப்பிவிடுவார்கள். “மூட்டில் ஆட்டம் இருக்கிறது”, “இணைப்பில் காற்று ஒழுகுகிறது” என்று இடத்தைக் காட்டிச் சொன்னால் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கும்.